குளியலறை காயவில்லையா? எக்ஸாஸ்ட் காற்றாடி வாங்குமுன் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

குளியலறையில் ஈரம் தங்கினால் நம்மில் பலர் முதலில் செய்வது, இருக்கிற எக்ஸாஸ்ட் காற்றாடியைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டுவது. கோலாலம்பூரில் வயரிங் வேலை பார்க்கும் எனக்கு இப்படி மாட்டித் தரச் சொல்லி அடிக்கடி அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பழைய காற்றாடியில் ஒரு குறையும் இருக்காது. காற்று உள்ளே வர வழி அடைபட்டிருக்கும், அல்லது வெளியே போகும் குழாய் எங்கோ நசுங்கிக் கிடக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்துப் புதிது வாங்கினாலும் கண்ணாடி மங்கலாகத்தான் இருக்கும்.

காற்றாடி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய இடத்தை வேறு காற்று வந்து நிரப்பும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு ஈரமானது, தள்ளிய காற்று கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால், எந்த வகைக் காற்றாடி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதனால்தான் இதை வாங்கும் பட்டியலாக எழுதாமல், உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. டிஷ்யூ தாளில் ஒரே ஒரு மடிப்பைப் பிரித்தெடுத்து, ஓடும் காற்றாடியின் முகப்பில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். அடுத்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவடியிலும் ஜன்னல் அருகிலும் பிடித்து, புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று கவனியுங்கள். கீழே வரும் பல இடங்களில் இந்த இரண்டு சோதனைகளின் விடை தேவைப்படும்.

குளித்து அரை மணி நேரம் ஆகியும் கண்ணாடி தெளியவில்லை, தரை காயவில்லை

டிஷ்யூ நன்றாக ஒட்டுகிறது, காற்றாடி ஒழுங்காக ஓடுகிறது, ஆனாலும் ஈரம் போகவில்லை என்றால் உள்ளே வரும் காற்றைச் சந்தேகியுங்கள்.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் வெளிக்காற்று வறண்டது என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. நம் ஊரில் அப்படி இல்லை. சுடுநீரில் குளித்து முடித்த குளியலறையில் வெப்பம் 28 பாகை, காற்றில் நீராவி முழுக்க நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 27 கிராம் நீர் இருக்கும். சாயங்காலம் மழை விட்ட பிறகு வெளியே 27 பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் அந்த வெளிக்காற்றிலேயே 22 கிராம் இருக்கிறது. ஆக, லூவர் ஜன்னல் (சாய்வான கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல்) வழியே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 5 கிராம் ஈரத்தைத்தான் எடுத்துச் செல்ல முடியும்.

இப்போது படுக்கையறையை ஒட்டிய குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் ஓடும் அறையில் 24 பாகை, 55 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் 12 கிராம்தான் நீர் இருக்கும். அந்தக் காற்று கதவடி வழியே உள்ளே வந்தால் 15 கிராம் வரை எடுத்துச் செல்லும். அதே காற்றாடி, அதே வேகம், மூன்று மடங்கு வேலை. எனவே இப்படிப்பட்ட குளியலறையில் குளித்து முடித்ததும் லூவரைச் சாத்திவிட்டு, காற்று படுக்கையறைப் பக்கமிருந்து வரும்படி செய்து, இருபது முப்பது நிமிடம் காற்றாடியை ஓட விடுங்கள். அதற்கு மேல் ஓட விட்டால் குளிரூட்டிய காற்று வீணாகும். வெளியே போன காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்குகள் வழியே புழுக்கமான காற்று படுக்கையறைக்குள் நுழையும், ஏர்கோனுக்கு வேலை கூடும். ராத்திரி முழுக்க ஓடவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

தரையில் நிற்கும் நீரையும் கணக்கில் எடுங்கள். நம் வீடுகளில் குளித்தால் தரை முழுக்க நனையும். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நாற்பது நீளமுள்ள அறையில் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் நீர்ப்படலம் நின்றாலே அது ஒரு லிட்டருக்கு மேல். மணிக்கு 100 கன மீட்டர் தள்ளும் காற்றாடி, வெளிக்காற்றை இழுத்து அந்த நீரைப் போக்க வேண்டுமானால், எல்லாம் சாதகமாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ரப்பர் வைப்பரால் ஒரு நிமிடத்தில் அதைத் தள்ளிவிடலாம். குளித்து முடிப்பவர் தரையையும் கண்ணாடித் தடுப்பையும் ஒருமுறை இழுத்துவிட்டு வருவதைவிட மலிவான தீர்வை நான் இதுவரை பார்க்கவில்லை. ஈரத்துணியைக் குளியலறையிலேயே காயப்போடுகிறவர்கள் அதை வெளியே மாற்றும்வரை எந்தக் காற்றாடியும் உதவாது.

இதோடு சேர்ந்த இன்னொரு அறிகுறி உண்டு. யாரும் குளிக்காதபோதும் சுவர் வியர்க்கிறது, அதுவும் படுக்கையறையை ஒட்டிய சுவர் மட்டும். மேலே சொன்ன வெளிக்காற்று சுமார் 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். ஏர்கோனை 20 பாகையில் வைத்துத் தூங்கினால் அந்தச் சுவர் குளிர்ந்துபோகும். லூவர் திறந்திருந்தால் ராத்திரி முழுக்க அதில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். இங்கே காற்றாடியைப் பெரிதாக்கினால் இன்னும் அதிக வெளிக்காற்றை இழுத்து நிலைமையை மோசமாக்குவீர்கள். ஏர்கோன் வெப்பநிலையை உயர்த்துவதும் லூவரைச் சாத்துவதும்தான் இதற்கு மருந்து.

கதவைச் சாத்தினால் டிஷ்யூ விழுந்துவிடுகிறது

கதவு திறந்திருக்கும்போது ஒட்டிய தாள், சாத்தியதும் நழுவினால் காற்றாடி நல்லது, உள்வழிதான் அடைபட்டிருக்கிறது. செந்தூலில் ஒரு கொண்டோ வீட்டில் ஓர் அக்கா, "தம்பி, புதுக் காற்றாடி மாட்டி ஒரு மாசம்கூட ஆகல, கண்ணாடி இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று வருத்தப்பட்டார். கதவைச் சாத்தினோம், தாள் விழுந்தது. கதவைக் கொஞ்சம் திறந்ததும் இடுக்கில் காற்று விசில் அடித்தது. குனிந்து பார்த்தால், கரப்பான் பூச்சி வராமலிருக்க கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார். பட்டையின் ஓரம் தரையை அழுத்தி லேசாக மடங்கிக்கூட இருந்தது. அதைப் பிரித்தெடுத்த உடனே தாள் ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? 75 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 2 சென்டிமீட்டர் விட்டால் 150 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். மணிக்கு 100 கன மீட்டர் காற்று அதன் வழியே நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் வரும். அது போதும். கதவடியை அறுக்க மனம் இல்லையென்றால் கதவின் கீழ்ப்பகுதியில் லூவர் தகடு பதிக்கலாம், பூச்சி பயத்துக்கு அதன் பின்னால் வலை வைக்கலாம். வலையை மாதம் ஒருமுறை துடையுங்கள், தூசி படிந்தால் பழைய கதையாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. காற்றாடிக்குப் பக்கத்திலேயே லூவர் ஜன்னல் திறந்திருக்கும். ஊதுபத்தியை ஜன்னல் அருகில் பிடித்தால் புகை நேரே காற்றாடிக்குள் போகும், குளிக்கும் மூலையில் பிடித்தால் அசையாமல் மேலெழும். ஜன்னலில் வந்த காற்று அந்த வழியே உடனே வெளியேறிவிடுகிறது, அறைக்குள் எதுவும் நகரவில்லை. காற்றாடி ஓடும்போது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். புதிதாக மாட்டுவதாக இருந்தால் காற்று நுழையும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், ஷவருக்கு அருகில், முடிந்தவரை உயரத்தில் இடம் பாருங்கள்.

கதவு திறந்திருந்தாலும் தாள் ஒட்டவில்லை, ஆனால் காற்றாடி சுற்றுகிறது

இப்போது வெளிவழியைப் பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் நேரே பொருத்திய காற்றாடி என்றால் முதலில் வெளிப்பக்க மடிப்புத் தகடுகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அவை ஒட்டிக்கொள்வது சாதாரணம். தரைமட்டத்திலிருந்து எட்டும் உயரத்தில் இருந்தால் சோப்பு நீரில் கழுவுங்கள். மேல்மாடி என்றால் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம், ஆளை அழையுங்கள். கோலாலம்பூரில் மைனாக்களுக்கு இந்த மூடிகள் மிகவும் பிடித்தமான இடம். வைக்கோலும் பிளாஸ்டிக் நாரும் குழாய் வாயை முழுக்க அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளி மூடியில் வலை உள்ளதாக வாங்குங்கள்.

சீலிங்கில் பதித்த காற்றாடி என்றால் குழாய்தான் முதல் குற்றவாளி. சீலிங்குக்கு மேல் போடப்படும் மடங்கும் அலுமினியக் குழாய் கூர்மையாக வளைந்தாலும், தொங்கிக் குழிந்தாலும், மேலே பெட்டி வைத்து நசுங்கினாலும் காற்று பாதியில் நின்றுவிடும். 4 அங்குல வாய் உள்ள காற்றாடியை, ஏற்கெனவே சுவரில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக 3 அங்குலக் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். அதே அளவு காற்றை அந்தக் குழாயில் தள்ள நான்கு மடங்குக்கு மேல் அழுத்தம் தேவை. வீட்டுக் காற்றாடியிடம் அந்த அழுத்தம் கிடையாது. குழாயை இழுத்து நேராக்குங்கள், வளைவுகளைக் குறையுங்கள், காற்றாடியின் வாயைவிடச் சிறிய குழாய் எங்கும் வரக் கூடாது.

காற்றாடியின் வகை தவறாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, நாம் மேசைக் காற்றாடியில் பார்ப்பது போன்ற இறக்கை உள்ளது. சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ ஓட்டை போட்டு நேரே வெளியே தள்ளுவதற்கு இதுதான் சரி. நிறையக் காற்றைத் தள்ளும், விலையும் குறைவு. ஆனால் எதிர்ப்பு வந்தால் தாங்காது. இரண்டாவது, உருளையைச் சுற்றிலும் நிறைய சிறு தகடுகள் நிற்கும் சக்கரம் கொண்டது. இது குழாய்க்குள் அழுத்தித் தள்ளும். ஒன்றரை மீட்டருக்கு மேல் குழாய் போகிறது, அல்லது ஒரு வளைவாவது இருக்கிறது என்றால் இரண்டாவது வகையைத்தான் நான் மாட்டுவேன். இறக்கை வகையை நீளக் குழாயில் சேர்த்தால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

அளவு விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளின்படி குளியலறைக்கு வெளியே திறக்கும் காற்றுவழி குறைந்தது 0.2 சதுர மீட்டர் இருக்க வேண்டும். வெளிச்சுவர் இல்லாத குளியலறைக்கு இயந்திரக் காற்றோட்டம் தேவை. அதே விதிகளின் மூன்றாம் அட்டவணையில் மணிக்கு 10 முறை காற்று மாற்றம் என்ற கணக்கு வருகிறது. நம் எடுத்துக்காட்டு அறை 1.5க்கு 2.4, உயரம் 2.6 மீட்டர். பெருக்கினால் 9.4 கன மீட்டர், 10 முறைக்கு மணிக்கு 94 கன மீட்டர். சுடுநீர் ஷவர் உள்ள அறைக்கு நான் 15 முறை என்று கணக்கிடுவேன். அப்போது 140 வரும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், குழாயே இல்லாமல் திறந்தவெளியில் ஓடும்போது வரும் அளவு. குழாயில் சேர்த்தால் குறையும். ஆகவே அழுத்த அட்டவணை தந்திருக்கும் காற்றாடியை வாங்குங்கள். கேடிகே, பானாசோனிக் போன்றவற்றின் சீலிங் வகைகளுக்கு இப்படி வரைபடம் கிடைக்கும். அதில் 30 முதல் 50 பாஸ்கல் எதிர்ப்பில் எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பாருங்கள். பெட்டியில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 1.7ஆல் பெருக்குங்கள், மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். சீலிங்கில் பதிப்பதற்கு வெட்ட வேண்டிய சதுரத்தின் அளவையும், சீலிங்குக்கு மேல் இருக்கும் உயரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ஜாலான் பாசார் பக்கம் மின்சாரக் கடைகளில் தேர்வு நிறைய இருக்கும், ஆனால் உங்கள் சீலிங்குக்குள் அடங்காத பெட்டியை வாங்கி வந்தால் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சீலிங்கில் கறை

கறுப்புப் புள்ளிகள் பரவலாக, மூலைகளிலும் காற்று எட்டாத இடங்களிலும் இருந்தால் அது ஈரக்காற்று வளர்த்த பூஞ்சணம். ஒரே இடத்தில் பழுப்பு வளையமாக, மழைக்குப் பிறகோ மேல்வீட்டார் குளித்த பிறகோ பெரிதானால் அது கசிவு. சந்தேகம் இருந்தால் ஒரு சதுர அடி அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அறையின் ஈரம். பிரித்தால் உள்பக்கம் நனைந்திருந்தால் மேலிருந்து வருகிறது.

மேலிருந்து வருகிறது என்றால் காற்றாடிக் கடைக்குப் போக வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். மலேசியாவின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாக விதிமுறைகளின்படி அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

தேரஸ் வீடுகளில் (ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில்) இன்னொரு காரணத்தைக் கட்டாயம் தேடுங்கள். நடுவில் இருக்கும் குளியலறைக்கு வெளிச்சுவர் கிடையாது. காற்றாடியை சீலிங்கில் பதித்துவிட்டு, குழாயை வெளியே கொண்டுபோகாமல் கூரைக்கடியிலேயே விட்டுவிடும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வேதனை தரும் வேலை. வீட்டுக்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, டிஷ்யூவும் அழகாக ஒட்டும். ஆனால் ஒவ்வொரு குளியலின் ஈரமும் சீலிங் சட்டத்திலும் கூரை மரத்திலும் போய்ப் படிந்துகொண்டே இருக்கும். சீலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் நுனி ஏர்வெல்லிலோ (காற்றும் வெளிச்சமும் வர கட்டடத்துக்கு நடுவே விட்ட திறந்த வெளியிலோ) கூரைக்கு வெளியிலோ முடிந்திருக்க வேண்டும். பழைய வீட்டு சீலிங் அஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கக்கூடும். அதை அறுக்கவோ துளை போடவோ நீங்களே முயலாதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இருக்கிற பூஞ்சணத்தை முதலில் அழித்துவிட்டுத்தான் காற்றாடியின் பலனை எடைபோட முடியும். குளோரின் பிளீச் போடுகிறவர்கள் அதே நேரத்தில் கழிவறை கழுவும் அமிலத்தைத் தொடக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

காற்றாடி போட்டால் சாக்கடை நாற்றம், நிறுத்தினால் பக்கத்து வீட்டுப் புகை

இரண்டும் வேறு வேறு கோளாறு. போட்டதும் நாற்றம் வந்தால் தரை வடிகாலைப் பாருங்கள். வடிகாலுக்குள் தேங்கும் நீர்தான் கீழ்க்காற்றைத் தடுக்கிறது. 50 மில்லிமீட்டர் நீர் நின்றால் அதை உடைக்க 490 பாஸ்கல் அழுத்தம் வேண்டும், வீட்டுக் காற்றாடியால் ஆகாது. நீர் வற்றியிருந்தால் மட்டுமே நாற்றம் ஏறும். விருந்தினர் குளியலறை, பயன்படுத்தாத ஷவர் மூலை இவற்றில் இது நடக்கும். ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். முடி எடுப்பதற்காக வடிகாலின் உள் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடாமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான். நீர் ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லை என்றால், கதவடி வழி அடைபட்டதால் காற்றாடி வேறு எங்கிருந்தாவது இழுக்கப் பார்க்கிறது. மேலே சொன்ன கதவுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

நிறுத்திய பிறகு சிகரெட் புகையோ சம்பால் வதக்கும் வாசமோ வந்தால், உங்கள் குழாய் பல வீடுகளுக்குப் பொதுவான காற்றுவழியில் சேர்ந்திருக்கிறது, அல்லது எல்லோருடைய காற்றாடியும் ஒரே ஏர்வெல்லைப் பார்த்து நிற்கிறது. பின்னோட்டத்தைத் தடுக்கும் மடிப்புத் தகடு உள்ள காற்றாடி வேண்டும். விலை குறைந்தவற்றில் இது இருக்காது, அல்லது சில மாதங்களில் கோணி நிற்கும். கடையிலேயே விரலால் தள்ளிப் பாருங்கள், விட்டதும் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

சத்தம்

புதிதில் அமைதியாக இருந்து இப்போது அதிர்ந்தால், இறக்கையில் தூசி ஒருபக்கமாகப் படிந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, முகப்பைக் கழற்றி, ஈரத்துணியால் துடையுங்கள். பல்லி உள்ளே சிக்கிக் கிடப்பதும் உண்டு. துடைத்த பிறகும் கரகரப்பு இருந்தால் உருளைத் தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டது. சிறு காற்றாடிகளில் அதை மாற்றுவதைவிடப் புதிது வாங்குவதே மேல். அப்போது பால்பேரிங் உள்ளதைக் கேளுங்கள், ஈரமான அறையில் புஷ் வகையைவிட நீண்ட நாள் உழைக்கும்.

உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது மலிவான மாற்று.

முதல் நாளிலிருந்தே சத்தம் என்றால் பொருத்தியதில்தான் குறை. பிளாஸ்டர் சீலிங் தகட்டில் நேரடியாகத் திருகினால் சீலிங் முழுக்கச் சேர்ந்து அதிரும். மேலே மரச் சட்டத்திலோ காங்கிரீட்டிலோ தொங்கவிட வேண்டும். டெசிபல் எண்ணை ஒப்பிடும்போது, 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு 30 டெசிபலைச் சுற்றியுள்ளதைத் தேடுங்கள். சத்தம் பிடிக்காமல் யாரும் போடாத காற்றாடியால் பயனில்லை.

காற்றாடியிலிருந்து நீர் சொட்டுகிறது

குளிர் நாட்டில் கூரைக்கடி உறைந்து கிடக்கும், குழாய்க்குள் நீராவி நீராகிச் சொட்டும், அதற்காகக் குழாயைச் சுற்றிப் பஞ்சு கட்டுவார்கள். நம் கூரைக்கடி பகலில் 40 பாகையைத் தாண்டும். இங்கே சொட்டுவது பெரும்பாலும் மழைநீர். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் காற்றோடு அடிக்கும் மழை, குழாய் வாய்க்குள் நேரே நுழையும். குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், வெளி வாயில் கீழ்நோக்கிய மூடி இருக்க வேண்டும். மழை இல்லாத நாளிலும் சொட்டினால், குழாய் ஏர்கோன் குளிரும் அறையின் சீலிங்குக்கு மேல் போகிறதா, ஏர்கோனின் வடிநீர்க் குழாய் அருகில் கசிகிறதா என்று பாருங்கள்.

அடுக்குமாடியில் வெளிச்சுவர் பொதுச் சொத்து. புதிய மூடி வைக்கவோ ஓட்டையைப் பெரிதாக்கவோ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்காமல் துளைத்துவிட்டு, பிறகு சொந்தச் செலவில் அடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஈரப்பத உணரி உள்ள காற்றாடி நிற்கவே மாட்டேன் என்கிறது

இதில் காற்றாடிக்குக் கோளாறு இல்லை, நம் வானிலைக்கு அது பொருந்தவில்லை. 65 அல்லது 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். வெளிக்காற்றே ராத்திரியில் 85, 90 விழுக்காட்டில் இருக்கும் ஊரில் அந்த எண் வரவே வராது. உணரியைத் திருப்பி வைக்க முடிந்தால் உயர்த்திப் பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு குறிப்பிட்ட நிமிடம் ஓடி நிற்கும் டைமர் வகை நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும். 20 வாட் காற்றாடி தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 0.6 யூனிட்தான் ஆகும்.

காற்றாடி சுவிட்சைப் போட்டதும் இஎல்சிபி விழுகிறது

இஎல்சிபி என்பது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம். இங்கே நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். ஈரம் இணைப்புப் பெட்டிக்குள் போயிருக்கலாம், அல்லது காற்றாடியின் நியூட்ரல் கம்பியை வேறு சர்க்கியூட்டோடு சேர்த்துவிட்டிருக்கலாம். இரண்டாவது தவறு புதுப்பித்த வீடுகளில் அடிக்கடி வரும். காற்றாடி நன்றாக இருக்கும், மூன்று காற்றாடி மாற்றினாலும் விழுந்துகொண்டே இருக்கும். சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். விழுகிறதே என்று இஎல்சிபியைக் கடந்து நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அறை அது. வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் இஎல்சிபி போடச் சொல்வதும் அதனால்தான்.

மாற்றுக் காற்றாடி வாங்கும்போது சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். ஷவருக்கு நேர் மேலேயோ அதிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள்ளோ, தரையிலிருந்து 2.25 மீட்டருக்குக் கீழே வருவதாக இருந்தால் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் தேவை. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். காற்றாடிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட தனி இணைப்பைப் போடச் சொல்லுங்கள். வயர்மேன் வேலையை முடித்ததும் அவர் எதிரிலேயே இஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு டிஷ்யூவை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கூலியைக் கொடுக்கலாம்.